முதலில் முச்சை, பின்னர் எஞ்சின்

(மன்றக் கூட்டத்திற் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்றைய கூட்டத்திற் பேசுமாறு செயலாளர் என்னைக் கேட்டபோது, பொருளை நானே தெரிந்துகொள்ளலாம் என்றும் சொன்னார். சைவசமயம் பற்றியும் தமிழிலக்கியம் பற்றியும் என்னிலும் பன்மடங்கு அறிந்த பெரியோர் இச்சபையில் வீற்றிருக்கின்றனர். அவர்கள் முன்னிலையில் அவற்றை எடுத்துப் பேசுவது கொல்லர் தெருவில் ஊசி விற்பதாகவே முடியும். ஆகவே, வாலிபர் பலர் என்னிடம் தனித்தனியே வினவிவரும் ஒரு விடயத்தை எடுத்துக்கொண்டேன். எஞ்சின் பூட்டிய மாதிரி விமானம் ஒன்றைச் சொந்தக் கையாற் கட்டிப் பறக்கவிட விரும்பும் ஒருவர் எங்கே தொடங்கவேண்டும் என்பதே அவ்விடயம்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஞ்சினிலே தொடங்கக்கூடாது. நம் ஊர்ப் பட்டத்திலே தொடங்கவேண்டும். இதற்குரிய நியாயங்களையும், பட்டத்திலிருந்து எஞ்சின்வரை ஏறவேண்டிய படிகளையும், ஒவ்வொரு படியிலும் உள்ள ஆபத்துகளையும் என்னாலியன்ற அளவு விளக்க முயல்கிறேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பிள்ளைகள் வாடைக்காற்றோடு வளர்கிறவர்கள். மார்கழி பிறந்தாற் போதும், வெளிகளிலும் கடற்கரைகளிலும் பட்டங்கள் கிளம்பிவிடும். தைப்பொங்கல் நாளில் வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் நடைபெறும் பட்டப்போட்டியைக் காணச் சனங்கள் ஊரூராகத் திரள்வதை நீங்கள் அறிவீர்கள். கொக்குப் பட்டம், பிராந்துப் பட்டம், எட்டுமூலைப் பட்டம், பெட்டிப் பட்டம் என்று எத்தனையோ வகைகள் அங்கே ஏறுகின்றன. பட்டம் கட்டுவதை நாம் பொழுதுபோக்கென்று எண்ணுகிறோம். உண்மையில் விமானவியலின் முதற்பாடம் முழுவதும் அதற்குள் அடங்கியிருக்கிறது.

பட்டத்தில் மூங்கில் சீவுவதும் கடதாசி ஒட்டுவதும் பாதி வேலை. முச்சை கட்டுவதே மற்றப் பாதி. முச்சை முடிச்சை மேலே ஏற்றினாற் பட்டம் காற்றுக்குப் படுத்து முகங்கொடுக்கும். கீழே இறக்கினால் நிமிர்ந்து நின்று காற்றை அதிகமாக வாங்கும். முச்சை ஒருபக்கம் இழுபட்டாற் பட்டம் அந்தப்பக்கம் சரிந்து குத்தும். வாலின் நீளம் குறைந்தால் ஆடும், கூடினால் ஏறாது. இங்கே இருக்கும் பெரியவர்களிற் பலர், ஒரு பட்டத்தைக் கையில் வாங்கி, முச்சையிற் பிடித்துத் தூக்கிப் பார்த்த மாத்திரத்தே, "தம்பி, இது இடப்பக்கம் சரியும்" என்று சொல்லிவிடுவார்கள். ஈர்ப்பு மையம் என்றும், காற்றை எதிர்கொள்ளும் கோணம் என்றும், உறுதிச் சமநிலை என்றும் பௌதிகவியல் வகுப்பிலே நாங்கள் எழுதிப் படிப்பவற்றை அவர்களுடைய விரல்கள் எப்பொழுதோ அறிந்துகொண்டன.

விமானத்தின் சிறகும் பட்டமும் செய்வது ஒரே தொழில். பட்டத்தை நூல் பிடித்து நிறுத்த, காற்று அதன்மேல் ஓடுகிறது. விமானத்தை எஞ்சின் இழுக்க, அது காற்றுக்குள் ஓடுகிறது. இரண்டிலும் சிறகு காற்றைக் கீழே தள்ளுகிறது, அதனாற் காற்று சிறகை மேலே தள்ளுகிறது. ஆகவே, நூலுக்குப் பதிலாக வந்ததே எஞ்சின் என்று கொள்ளலாம். நூல் எவ்வளவு உறுதியானதாயினும் முச்சை பிழைத்த பட்டம் ஏறாது. அதுபோலவே எஞ்சின் எவ்வளவு வலியதாயினும் சமநிலை பிழைத்த விமானம் பறக்காது. விரைவாக நிலத்தில் வந்து மோதும், அவ்வளவே. ஒழுங்காக ஏறாத பட்டத்துக்கு விண் பூட்டுவார் நம்மில் எவருமில்லை. எஞ்சினும் அப்படியே.

இது என் சொந்தக் கற்பனையன்று. விமானத்தின் சரித்திரமே இதற்குச் சாட்சி. அவுஸ்திரேலியாவில் லோறன்ஸ் ஹார்கிறேவ் என்ற அறிஞர் 1894ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் திகதி நான்கு பெட்டிப் பட்டங்களை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கட்டி, அவற்றில் தாமே தொங்கி, கடற்கரையிலிருந்து 16 அடி உயரம் எழும்பினார். அவருடைய பெட்டிப் பட்டத்தின் அமைப்பைப் பின்பற்றியே ஐரோப்பாவின் முதல் விமானங்கள் சில கட்டப்பட்டன. அமெரிக்காவில் றைட் சகோதரர்கள் 1899ஆம் ஆண்டு முதன்முதலாகச் செய்தது ஐந்தடி அகலமுள்ள ஒரு பட்டம். சிறகின் நுனியை முறுக்கினால் விமானத்தைச் சரித்துத் திருப்பலாம் என்பதை அப்பட்டத்திலே கண்டறிந்தார்கள். அதன்பின் 1900, 1901, 1902 ஆகிய மூன்று ஆண்டுகளும் எஞ்சினில்லாத மிதவை விமானங்களையே பயின்றார்கள். 1902ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் மாத்திரம் எழுநூறுக்கும் ஆயிரத்துக்கும் இடையிலான தடவைகள் மிதந்து பழகினார்கள். சமநிலை கைவந்த பின்னரே எஞ்சினைப் பற்றி யோசித்தார்கள்.

அதே காலத்தில் வாஷிங்டன் நகரிலே சாமுவேல் லாங்லி என்ற பெரும் பேராசிரியர் இருந்தார். 1896ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் திகதி, நீராவி எஞ்சின் பூட்டிய அவருடைய மாதிரி விமானம் ஆளில்லாமல் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரம் பறந்தது. மாதிரி விமான சரித்திரத்தில் அது பொன்னெழுத்தாற் பொறிக்கத்தக்க நாள். பின்னர் அரசாங்கம் 50,000 டொலர் கொடுத்தது. மனிதனைச் சுமக்கும் விமானத்துக்காக 52 குதிரைவலு கொண்ட மிகச்சிறந்த எஞ்சின் ஒன்றும் செய்யப்பட்டது. ஆனால் அந்த விமானத்தை எஞ்சினில்லாமல் மிதக்கவிட்டுப் பழகியவர் எவருமில்லை. 1903ஆம் ஆண்டு ஒக்டோபர் 7ஆம் திகதியும் டிசெம்பர் 8ஆம் திகதியும் அது பொற்றோமாக் ஆற்றில் விழுந்தது. ஒன்பது நாட்களின் பின், டிசெம்பர் 17ஆம் திகதி, சைக்கிள் கடைக்காரரான றைட் சகோதரர்கள் ஏறத்தாழ 12 குதிரைவலு எஞ்சினுடன் 12 விநாடி பறந்தார்கள். நாலு மடங்கு வலுவுள்ள எஞ்சின் ஆற்றுக்குள் கிடக்க, சமநிலை அறிந்தவர்களின் சிறிய எஞ்சின் உலகத்தை மாற்றியது.

இவ்விடத்தில் ஒரு பெரியவர், "தம்பி, இராவணனிடம் புட்பக விமானம் இருந்ததல்லவா?" என்று கேட்கக்கூடும். காப்பியம் தந்த அந்தக் கற்பனையின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் அதனை எஞ்சினியர் வரைபடமாகக் கொள்ளலாகாது. வைமானிக சாஸ்திரம் என்ற நூலைப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழக அறிஞர் ஐவர் 1974ஆம் ஆண்டு ஆராய்ந்து, அது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்ததென்றும், அதிற் கூறிய விமானங்கள் பறக்கமாட்டா என்றும் முடிவுகூறினர். நம் முன்னோரிடமிருந்து விமானக் கலையிற் கற்கவேண்டியது உண்டா என்றால், உண்டு. அது நம் பாட்டன்மாரின் முச்சைக் கயிற்றிலே இருக்கிறது.

நிற்க. இனிப் படிகளைச் சொல்கிறேன்.

முதற்படி, கையால் எறிந்து மிதக்கவிடும் சிறு விமானம். பிறநாட்டார் இதற்குப் பல்சா என்னும் மரத்தைப் பாவிக்கிறார்கள். தென்னமெரிக்காவில், சிறப்பாக எக்குவடோரில், விளையும் அந்த மரம் தண்ணீரின் பாரத்தில் ஏறத்தாழ ஆறிலொரு பங்குதான். அது கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாற் கவலையில்லை. பொருட்கள் அடைத்துவரும் ரெஜிபோம் பலகையும், பட்டத்துக்குச் சீவும் மூங்கிலும் போதும். சிறகின் நீளம் 18 அங்குலம், அகலம் 3 அங்குலம் ஆகட்டும். வாற்சிறகின் பரப்பு முன்சிறகின் பரப்பிற் காற்பங்கு இருக்கட்டும். சிறகின் இரு நுனிகளையும் ஒன்றரை அங்குலம் மேலே வளைத்து விடுங்கள். அவ்வாறு வளைத்தால், விமானம் ஒருபக்கம் சரிந்தாலும் தானாகவே நிமிரும். இனி, சிறகின் முன்விளிம்பிலிருந்து ஓரங்குலம் பின்னே இரண்டு பக்கமும் விரலை வைத்துத் தூக்கிப் பாருங்கள். தராசு நிற்பதுபோல் நிற்கவேண்டும். நில்லாவிட்டால் மூக்கிலே களிமண் உருண்டை வைத்துச் சரிசெய்யுங்கள். இதுவே விமானத்தின் முச்சை.

காற்று அடங்கிய அதிகாலையிற் புல்வெளிக்குச் சென்று, தோள் உயரத்திலிருந்து, மூக்கைச் சிறிது தாழ்த்தி, மெதுவாக எறியுங்கள். பலமாக வீசக்கூடாது, தள்ளிவிடுவதுபோல் விடவேண்டும். மூக்கைத் தூக்கித் தயங்கி விழுந்தால் மூக்கிற் பாரம் போதாது. நேரே குத்தினாற் பாரம் கூடிவிட்டது. ஒருபக்கம் திரும்பினாற் சிறகு முறுகியிருக்கிறது. பின்னாலிருந்து ஒற்றைக் கண்ணாற் பார்த்தால் முறுக்குத் தெரியும். மூங்கிலும் கடதாசியுமான சிறகென்றாற் கேத்தல் ஆவியிற் காட்டித் திருப்பி நேராக்கலாம். ஐந்தடி உயரத்திலிருந்து விட்ட விமானம் முப்பதடி தூரம், நேராக, மூன்று முறை தொடர்ந்து சென்றால் நீங்கள் முதற்படியைத் தாண்டிவிட்டீர்கள். ஒரு நாளில் முடிந்தாலும் முடியலாம், ஒரு மாதம் சென்றாலும் செல்லலாம். அதுவரை எஞ்சினுக்குப் பணம் சேர்க்கலாமேயன்றி எஞ்சின் வாங்கலாகாது.

இரண்டாவது படி, றப்பர் நாடாவை முறுக்கி விசிறியைச் சுழற்றும் விமானம். பாரிஸ் நகரத்துப் பூங்காவொன்றில் 1871ஆம் ஆண்டு அல்போன்ஸ் பெனோ என்ற இளைஞர் இத்தகைய விமானத்தைப் 11 விநாடி பறக்கவிட்டுக் காட்டினார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. அவர் கண்ட றப்பர் முறுக்கில் இயங்கிய ஒரு விளையாட்டுப் பொருளையே 1878இல் றைட் சகோதரர்களுக்கு அவர்களுடைய தந்தையார் வாங்கிக் கொடுத்தார். இந்தப் படியிற் கற்கவேண்டியது ஒன்று. விசிறி ஒருபக்கம் சுழன்றால் விமானத்தின் உடல் மறுபக்கம் சுழல முயலும். வேகம் கூடும்போது மூக்கும் மேலே எழும்பப் பார்க்கும். ஆதலால் விசிறியின் அச்சை இரண்டு மூன்று பாகை கீழ்நோக்கியும் பக்கவாட்டிலும் சாய்த்துப் பூட்டுவார்கள். றப்பரில் இதனைக் கற்றால் நட்டம் ஒரு றப்பர் நாடா. எஞ்சினிற் கற்கப் புகுந்தால் நட்டம் விமானம் முழுவதும்.

மூன்றாவது படிதான் எஞ்சின். அமெரிக்காவில் 1934ஆம் ஆண்டு பிறவுண் ஜூனியர் என்னும் சிறு பெற்றோல் எஞ்சின் விற்பனைக்கு வந்த பின்னரே எஞ்சின் விமானம் கட்டுவது சாதாரண மக்களுக்கும் கைகூடிற்று. அதற்குத் தீப்பொறிச் சுருளும் பற்றரியும் விமானத்துடனேயே செல்லவேண்டியிருந்தன. 1947இல் றே ஆர்டன் என்பவர் ஒளிர்செருகியைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அதற்குள் பிளாற்றினம் கலந்த ஒரு கம்பிச் சுருள் உண்டு. தொடங்கும்போது மாத்திரம் ஒன்றரை வோல்ற்று மின்கலத்தால் அதைச் சூடேற்றுவார்கள். பின்னர் மின்கலத்தைக் கழற்றிவிட்டாலும், எரியும் வாயுவின் சூட்டினாலும், மெதனோல் ஆவி பிளாற்றினத்தைத் தொடும்போது நிகழும் தாக்கத்தினாலும் அது தானாகவே ஒளிர்ந்துகொண்டிருக்கும். மற்றொரு வகை டீசல் என்று பெயர்பெற்றது. அதற்குச் செருகியே இல்லை, அமுக்கத்தின் சூட்டினாலேயே எரிபொருள் பற்றுகிறது. இங்கிலாந்தின் மில்ஸ் என்னும் அத்தகைய எஞ்சினைப் பார்த்துக் கல்கத்தாவிலும் எஞ்சின்கள் செய்தார்கள்.

ஒளிர்செருகி எஞ்சினின் எரிபொருளில் மெதனோல் ஏறத்தாழ நாலு பங்கு, ஆமணக்கெண்ணெய் ஒரு பங்கு. ஆம், சிறுவயதில் மூக்கைப் பிடித்து நமக்குப் பருக்கிய அதே ஆமணக்கெண்ணெய்தான். மற்ற எண்ணெய்கள் பல மெதனோலிற் கரைவதில்லை, இது கரையும். சூட்டையும் தாங்கி எஞ்சினைத் தேயாமற் காக்கும். பறக்கும்போது புகையோடு வெளியே வந்து விமானம் முழுவதும் பூசிக்கொள்ளும். ஆகவே பறந்து முடிந்ததும் துடைப்பதற்குப் பழந்துணி கொண்டுபோக மறவாதீர்கள்.

தொடங்குவோர்க்கு ஒன்றரையிலிருந்து இரண்டரைக் கன சென்ரிமீற்றர் எஞ்சின் போதும். வாங்கியவுடன் விமானத்திற் பூட்டவேண்டாம். கனத்த பலகை ஒன்றில் ஆணி கொண்டல்ல, திருகாணி கொண்டு இறுக்கி, அப்பலகையை மேசையோடு பிணைத்து, அங்கே ஓட்டிப் பழகுங்கள். எரிபொருளின் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசித்திருகு ஒன்று உண்டு. அதை அதிகம் திறந்தால் எஞ்சின் கரகரத்துப் புகையோடு மெதுவாக ஓடும். அளவுக்கு மிஞ்சி மூடினாற் கீச்சிட்டுச் சூடேறி நின்றுவிடும். புது எஞ்சினை முதல் ஆறேழு தடவைகள், ஒவ்வொரு தடவையும் சில நிமிடம், திருகைத் திறந்துவைத்து மெதுவாகவே ஓட்டவேண்டும். எஞ்சினின் குரலைக் கேட்டு அதன் குறையை அறியும் செவியை இந்த மேசையிலே பெற்றுக்கொள்ளவேண்டும்.

நண்பர்களே, இவ்விடத்தில் நீங்கள் சற்று உன்னிப்பாகக் கேட்கவேண்டும். எட்டங்குல விசிறி நிமிடத்துக்கு 12,000 தடவை சுழலும்போது அதன் நுனி மணிக்கு 450 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வேகத்திற் செல்கிறது. சுழலும் விசிறி கண்ணுக்குத் தெரியாது. அது விரலைத் துண்டிக்கும் கத்தி. எஞ்சினைத் தொடக்க விரலைப் பாவிக்காமல் றப்பர் சுற்றிய தடியொன்றைப் பாவியுங்கள். தொடங்கியதும் பின்பக்கமாக வந்து நின்றே ஊசித்திருகைத் தொடுங்கள். விசிறிக்கு நேர்ப்பக்கத்தில் எவரும் நிற்கலாகாது, அது உடைந்தாற் சில்லுகள் அந்தப்பக்கமே பாயும். சால்வையும் வேட்டித் தலைப்பும் தொங்கலாகாது. கண்ணாடி அணியுங்கள். மெதனோலின் சுவாலை பகல் வெளிச்சத்திற் கண்ணுக்குத் தெரிவதில்லை. தீப்பற்றியதையே அறியாமற் கையை நீட்டக்கூடும். சிறிதளவு உள்ளே சென்றாலும் கண்பார்வையை அழிக்கும் நஞ்சு அது. சோடாப் போத்தலில் ஊற்றி அடுக்களையில் வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. மெதனோலை ஒருபோதும் அவ்வாறு வைக்காதீர்கள். தகரத்தில் அடைத்து, பெயர் எழுதி, பிள்ளைகளின் கைக்கெட்டாத இடத்திற் பூட்டிவையுங்கள்.

இனி, முதல் எஞ்சின் விமானத்தை எப்படிப் பறக்கவிடுவது? கட்டின்றிப் பறக்கவிடலாம், கம்பியிற் பறக்கவிடலாம், வானொலிக் கருவியால் ஆட்டுவிக்கலாம். நமது குடாநாட்டில் எந்த ஊரிலிருந்தும் கடல் வெகுதூரமில்லை. கட்டின்றி விட்ட விமானம் கடலிலோ பனங்காணியிலோ முடியும். வானொலிக் கருவி அதிக செலவுடையது. ஆதலால் கம்பி விமானத்தையே சிபாரிசு செய்கிறேன். 1940ஆம் ஆண்டளவில் அமெரிக்காவிலே ஜிம் வோக்கர் என்பவர் இதனைப் பரப்பினார். நடுவில் நிற்பவரின் கைப்பிடியிலிருந்து இரண்டு மெல்லிய உருக்குக் கம்பிகள் விமானத்துக்குச் செல்லும். கைப்பிடியைச் சாய்த்தால் வாற்சிறகு அசைந்து விமானம் ஏறும், இறங்கும். விமானம் அவரைச் சுற்றி வட்டமிடும். நூல் பிடித்த கைக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

உயர்தர வகுப்பு மாணவர் இதிலே ஒரு கணக்குப் போடலாம். அரைக் கிலோ விமானம் 15 மீற்றர்க் கம்பியில் மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்திற் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ நாலேகால் விநாடி. கையை இழுக்கும் விசை ஏறத்தாழ 16 நியூற்றன், அதாவது ஒன்றே முக்காற் கிலோ பாரத்துக்குச் சற்றுக் குறைவு. விமானத்தின் பாரத்தைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். ஆகவே ஒவ்வொரு முறையும் பறக்கவிடுமுன் விற்றராசைக் கொளுவி, விமானத்தின் பாரத்தைப்போற் பத்து மடங்கு, அதாவது ஐந்து கிலோவுக்கு, கம்பியை இழுத்துச் சோதியுங்கள். தலைசுற்றாமலிருக்க விமானத்தையே பாருங்கள், அதற்கு அப்பாலுள்ள மரங்களைப் பாராதீர்கள். முதல் நாட்களில் ஏறுவதும் நேராகச் சுற்றுவதும் இறங்குவதுமே போதும். குட்டிக்கரணமெல்லாம் பின்னர்.

இடத்தைத் தெரிவதிற் கவனம் வேண்டும். மின்கம்பி அருகே இந்த விளையாட்டு அறவே ஆகாது. உருக்குக் கம்பி உயர் அழுத்த மின்கம்பியைத் தொட்டாற் பிடித்திருப்பவர் தப்பமாட்டார். பிறநாடுகளில் அவ்வாறு உயிரிழந்தோர் உண்டு. பட்டம் விடும்போதும் இதே எச்சரிக்கை. நம் தோட்டங்களிற் கட்டில்லாத கிணறுகள் பல. மேலே பார்த்துக்கொண்டு பின்னே நடப்பவருக்குக் கிணறு தெரியாது. அறுவடை முடிந்த வயல்வெளி, மாசி பங்குனியில், விடிந்து ஒரு மணி நேரத்துக்குள், மிகவும் தகுந்தது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் எஞ்சினைத் துடைத்து எண்ணெயிட்டு வைத்துவிட்டுப் புது விமானம் கட்டுங்கள். பலாலி விமான நிலையத்தை அண்டிய ஊர்களில் இதனைச் செய்யவே கூடாது. எவ்விடத்திலாயினும் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகளை முன்கூட்டியே கேட்டறிந்து, வேண்டிய அனுமதியை எழுத்திற் பெற்று, பொலிசாருக்கும் அறிவித்துச் செய்வதே நமக்கும் மன்றத்துக்கும் மரியாதை.

இக்காலத்தில் மின்மோட்டார் விமானங்கள் உண்டே, நாலு விசிறி ட்ரோன் உண்டே, எஞ்சின் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மின்மோட்டார் துப்புரவானது, சத்தம் குறைந்தது, தொடங்குவது எளிது. வெளிநாடுகளில் இன்று தொடங்குவோரிற் பெரும்பாலோர் அதிலேதான் தொடங்குகிறார்கள். வசதியுள்ளவர் அவ்வாறே செய்யலாம், நான் சொன்ன முதலிரண்டு படிகளும் அதற்கும் பொருந்தும். ட்ரோன் சங்கதி வேறு. அதன் சமநிலையை விநாடிக்குப் பலநூறு தடவை கணினிச் சில்லு ஒன்று காத்துக்கொண்டிருக்கிறது. அச்சில்லு நின்றாற் கல்லைப்போல் விழும். அதைக் கடையில் வாங்கி ஏற்றுபவருக்குப் படம் பிடிக்கலாம், முச்சை தெரியவராது. எஞ்சினோ எரிபொருள், காற்று, தீ, உராய்வு, அதிர்வு எல்லாவற்றையும் ஒரு கைப்பிடிக்குள் அடக்கிக் கற்பிக்கிறது.

இனிப் பெரியோர்களை நோக்கிச் சில வார்த்தை. "சோதனைக்குப் படிக்கிற பிள்ளை விமானம் கட்டிக்கொண்டு திரிவதா?" என்று நீங்கள் கேட்பதில் நியாயம் உண்டு. பாக்குநீரிணைக்கு அப்பால், இராமேஸ்வரத்தில் 1931ஆம் ஆண்டு பிறந்த அப்துல் கலாம் அவர்கள், கடற்கரையிற் பறவைகளைக் காட்டி ஆசிரியர் நடத்திய பாடமே தம்மை விமானத் துறைக்கு ஈர்த்தது என்று பலமுறை கூறியிருக்கிறார். இந்தியாவிலே தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாதிரி விமானம் கட்டுவது பயிற்சியின் ஓர் அங்கமாகவே இருக்கிறது. ஒரு சிறகைக் கட்டிப் பறக்கவிட்ட மாணவனுக்குத் திருப்புதிறன் பற்றிய அலகை மனப்பாடம் செய்யவேண்டிய தேவை இராது. வாரத்தில் ஒரு காலைப்பொழுதை மாத்திரம் எங்களுக்குத் தாருங்கள்.

இதிலும் பெரிய விடயம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் அமர எனக்கு மனமில்லை. நமது ஆகாயத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1947ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆம் திகதி எயர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம், சீதாதேவி என்னும் பெயருடையது, இரத்மலானையிலிருந்து சென்னைக்குச் செல்லும் வழியில் நமது பலாலித் தளத்திலே தரித்துச் சென்றது. அந்நாளில் விமானம் பார்க்கச் சென்றோர் அண்ணாந்து மகிழ்ந்திருப்பார்கள். பின்னர் போர்க்காலம் வந்தது. விமான இரைச்சல் கேட்டதும் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடிய காலம் அது. 1987ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் திகதி இந்திய விமானங்கள் வந்து உணவுப் பொதிகளை இட்டபோதும், வந்தது குண்டா அரிசியா என்று அறியாமல் நடுங்கியவர்கள் இச்சபையில் இருப்பீர்கள். 2009ஆம் ஆண்டுடன் போர் முடிந்தது. 2019இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. ஆனால் காதுக்குள் புகுந்த பயம் ஆண்டுக் கணக்குப் பார்த்து வெளியேறுவதில்லை.

ஆகவே வாலிப நண்பர்களே, நான் சொன்ன விதிகள் எல்லாவற்றிலும் இதனை முதலாவதாக வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினை முடுக்குவதற்கு முதல்நாள், அயலிலுள்ள வீடுகளுக்குச் சென்று, குறிப்பாக வயோதிபர் இருக்கும் வீடுகளுக்குச் சென்று, "அம்மா, நாளைக் காலை வயலில் ஒரு சிறு விமானம் விடப்போகிறோம். சத்தம் கேட்டாற் பயப்படவேண்டாம். விருப்பமென்றால் வந்து பாருங்கள்" என்று சொல்லுங்கள். ஒருவர் வேண்டாம் என்றால் அவ்விடத்தில் விடாதீர்கள், வேறு வெளி பாருங்கள். ஒரு கிழவி பயத்தோடு கதவைச் சாத்திக்கொள்ள நாம் வெளியில் நின்று கைதட்டுவது வாலிபர் சங்கத்துக்கு அழகன்று. அவரே பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வயல் வரம்பில் வந்து நின்று அண்ணாந்து பார்ப்பாரானால், நாம் செய்த வேலைக்கு அதைவிடப் பரிசு வேறில்லை.

முடிவாக, மன்றத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, மன்ற மண்டபத்தின் ஒரு மூலையையும் ஒரு மேசையையும் இதற்கு ஒதுக்கித் தாருங்கள். இரண்டாவது, ஐந்து பேருக்கு ஓர் எஞ்சின் என்று பொதுவில் வாங்குவோம். தனித்தனியே வாங்கினால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை மாத்திரமே பறக்கவிடும். அந்த எஞ்சினைத் தொடும் உரிமை, தன் மிதவை விமானத்தை மூன்று முறை முப்பதடி நேராக விட்டுக் காட்டியவருக்கே உண்டு என்று விதி செய்வோம். பெண்பிள்ளைகளுக்கும் அவ்விதியே. மூன்றாவது, முதல் வகுப்பை நடத்த எஞ்சினியர் எவரையும் அழைக்கவேண்டாம். நம் ஊரிலே கைதேர்ந்த பட்டக்காரர் ஒருவரை அழைத்து, முச்சை கட்டுவது எப்படி என்று அவரிடம் கேட்போம். அவருக்குப் பின் அக்கலை அவரோடு போய்விடாமலிருக்க, அவர் சொல்வதை ஒருவர் கொப்பியில் எழுதிவைக்கட்டும்.

 எல்லாம்வல்ல இறைவன் திருவருள் நம் முயற்சிக்குத் துணைநிற்பதாக.

வணக்கம்.